புதிய துவக்கும் அதன் கோளாறுகளும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பர். ஞாயிறு படும் திசையிலுள்ள கரை என்பது அதன் பொருள். அக்கரையின் பழம்பெரும் ஊர்களுள் ஒன்று கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தாற் பெயர் பெற்ற இவ்வூருக்குக் கிழக்குக் கரையிலிருந்து செல்வோர், 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, ‘பாதை’ என வழங்கும் மிதவையில் வாவியைக் கடந்தனர். அதுவே குறுக்கு வழி. ஊரைச் சூழ்ந்து கிடப்பன வயல்கள். நெற்பயிரையே வேளாண்மை என்று அழைக்கும் நாடு அது. பெரும்போகத்தில் கதிர் பால் பிடிக்கும் நாள் முதல் நெல் வீடு வந்து சேரும் நாள் வரை அங்குள்ள உழவனுக்கு முழு உறக்கம் இல்லை. மேற்கேயுள்ள காடுகளிலிருந்து யானை வரும். பற்றைகளிலிருந்து பன்றி வரும். வயல்வாடியில் ஒரு விளக்கு, ஒரு தீப்பந்தம், வனசீவராசிகள் திணைக்களத்தார் வழங்கும் சில யானை வெடிகள் ஆகியவையே பெரும்பாலோரின் காவற்பொருள்கள். சிலரிடம் மாத்திரம் துவக்கு இருக்கும்.

பயிர் காக்கும் பொருட்டுத் துவக்கு வைத்திருத்தலை இலங்கைச் சட்டம் முற்றாக மறுக்கவில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் அதற்கு வழிவகுத்துள்ளது. அனுமதிப்பத்திரம் பெறவேண்டும், அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். இவ்வாறு உழவர் பெறுவது பெரும்பாலும் சொட்கன் எனப்படும் 12 போர்த் துவக்கு. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அவற்றுள் ஒன்று எவ்வளவு பருமன் உடையதாயிருக்குமோ அவ்வளவே அதன் குழலின் உட்துளை என்பதனால் அப்பெயர் வந்தது. அளவு ஏறத்தாழ பதினெட்டரை மில்லிமீற்றர்.

இந்நிலம் துவக்கின் ஓசையை வயற்காவலின் ஓசையாக மட்டும் கேட்டதன்று. 1987ஆம் ஆண்டு ஜனவரியிலும் 1991ஆம் ஆண்டு ஜூனிலும் கொக்கட்டிச்சோலையிலும் அதனை அடுத்துள்ள மகிழடித்தீவு முதலிய இடங்களிலும் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். போர் 2009ஆம் ஆண்டில் முடிவுற்றது. நினைவு முடிவுறவில்லை. ஆதலின், இங்கே ஒரு வீட்டினுள் துவக்கு வருதல் உழவு இயந்திரம் வருவது போன்ற நிகழ்ச்சியன்று. வந்த துவக்கு பழுதானால் அயலாரிடம் யோசனை கேட்பதற்கும் உழவன் கூசுவான். கூசுபவன் தானே திருத்த முற்படுவான். ஆபத்து அவ்விடத்தில் தொடங்குகின்றது.

புதிய பொருள் பழுதாகாது என்பது பொதுவான நம்பிக்கை. துவக்கைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை பொருந்தாது. பழைய துவக்கின் குறை உரியவனுக்குப் பழகிய குறை; எந்தப் பக்கம் இறுகும், எந்தத் தோட்டா ஒத்துவராது என்பது அவனுக்குத் தெரியும். புதியதன் குறையோ நள்ளிரவில், யானை வரம்பில் நிற்கும் வேளையில், முதன்முறையாகத் தன்னைக் காட்டும். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புதிய துவக்கிற் கோளாறு என்று கருதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை துவக்கில் இல்லை. அவை தோட்டாவில் உள்ளன. தொழிற்சாலையிற் பூசிய கொழுப்பில் உள்ளன. அல்லது துடைக்காத குழலில் உள்ளன.

இதனை விளங்கிக் கொள்ளத் துவக்கின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். உழவரிடையே வழங்குவது நடுவில் மடியும் துவக்கு. மேலுள்ள நெம்பை ஒரு பக்கம் தள்ளினால் பூட்டு விடுபட்டுக் குழல் கீழே சாயும். குழலின் பின்முனையிலுள்ள அறையில் தோட்டாவை இட்டு மூடினால் பூட்டு விழும். விசையை இழுத்ததும், சுருள்வில்லால் இழுபட்டு நிற்கும் ‘குதிரை’ விடுபட்டு முன்பாயும். அது ஓர் ஊசியை அடிக்கும். ஊசி தோட்டாவின் பின்புறத்து நடுவிலுள்ள கேப்பை அடிக்கும். கேப்பின் பொறி வெடிமருந்தைப் பற்றவைக்க, மருந்தின் புகை அடைப்பையும் ஈயச் சன்னங்களையும் முன்தள்ளும். துவக்கை மீண்டும் மடிக்கும்போது ஒரு நகம் வெறுந்தோட்டாவின் விளிம்பைப் பற்றி வெளியே இழுக்கும். இவ்வளவே. இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்று காண்பதே கோளாறு அறியும் கலை.

முதலாவதும் அஞ்சத்தக்கதுமான கோளாறு, விசையை இழுத்தும் வெடியாமை. ‘டிக்’ என்ற ஓசை மட்டும் கேட்கும். அப்பொழுது எவனுக்கும் இயல்பாகத் தோன்றுவது துவக்கை உடனே மடித்துப் பார்ப்பது. அதனையே செய்யலாகாது. கேப்பு ஈரம்பட்டிருந்தால், அல்லது மருந்து பழுதுபட்டிருந்தால், பொறி உள்ளே மெல்லப் புகைந்து சற்றுப் பிந்தி வெடித்தல் உண்டு. மூடிய துவக்கினுள் அது வெடித்தால் சன்னம் குழல் வழியே போகும். திறந்த துவக்கில் வெடித்தால், தோட்டாவின் பித்தளை அடி பின்னோக்கிப் பாயும். அங்கே இருப்பது சுட்டவனின் முகம். இக்காலத் தோட்டாக்களில் இவ்வாறு நேர்வது அரிது. அரிதேயாயினும், இழப்பது கண் என்றால் அரிது என்ற கணக்கு உதவாது. குழலை ஆளில்லாத திசையில், தரையை அல்லது வரம்பின் மண்ணை நோக்கிப் பிடித்தவாறே, முப்பது நொடியேனும் பொறுத்தல் வேண்டும் என்பது உலகெங்கும் வேட்டைக்காரருக்குக் கற்பிக்கப்படும் விதி. அறுபது வரை எண்ணுபவன் இன்னும் நல்லவன்.

யானை நெருங்கி வருகையில் அறுபது வரை எண்ணுவது எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. அதற்கு விடை, எண்ணிக்கொண்டே பின்வாங்குதல். வெடியாத துவக்கு அந்த அறுபது நொடியும் காவற்பொருள் அன்று. தீப்பந்தமும் யானை வெடியுமே காவற்பொருள்கள். உண்மையில் 12 போர்த் துவக்கின் சிறுசன்னம் யானையைக் கொல்லாது, புண்படுத்தும். புண்பட்ட யானை மறுநாளும் வரும்; இன்னும் சினத்தோடு வரும். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானையைக் காப்பதும் மறக்கத்தக்கதன்று. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 470க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் இறந்த மனிதர் 170க்கு மேற்பட்டோர். பழுதான துவக்கை நம்பி முன்னேறுபவன் இக்கணக்கின் எந்தப் பக்கத்தையும் குறைக்கப்போவதில்லை.

பொறுத்த பின் துவக்கை மடித்துத் தோட்டாவை எடுத்து, அதன் கேப்பைப் பகல் வெளிச்சத்திற் பார்த்தல் வேண்டும். வைத்தியன் நாடி பிடிப்பது போன்றது இது. கேப்பின் நடுவில் ஆழமான வட்டக் குழி விழுந்திருந்தால் ஊசி தன் கடமையைச் செய்துவிட்டது, குற்றம் தோட்டாவினது. குழி ஆழமற்று, நகத்தாற் கீறியது போல் இருந்தால் ஊசி வலுவாக அடிக்கவில்லை, குற்றம் துவக்கினது. குழியே இல்லையெனில் ஊசி முறிந்திருக்கலாம், அல்லது குதிரை அதனை எட்டாமல் நின்றிருக்கலாம். குழி ஓரத்தில் விழுந்திருந்தால் குழலும் பூட்டும் நேர்ப்பட அமையவில்லை என்று ஐயுறலாம். ஒரே பெட்டியில் இரண்டு மூன்று தோட்டாக்கள் ஆழ்ந்த குழியோடு வெடியாது போயின், அப்பெட்டி முழுவதையும் விலக்கி வைத்தல் தகும். வெடியாத தோட்டாவை மீண்டும் இட்டுச் சுட்டுப் பார்ப்பதும், பிரித்துச் சன்னத்தை எடுப்பதும் ஊரில் நடைபெறுவன. இரண்டும் வேண்டாதவை. அத்தகைய தோட்டாக்களைத் தனியாகக் கட்டி, வாங்கிய இடத்திலோ பொலிஸ் நிலையத்திலோ ஒப்படைத்தலே முறை.

ஆழமற்ற குழி புதிய துவக்கிற் காணப்பட்டால் முதலிற் சந்தேகிக்க வேண்டியது கொழுப்பை. கடல் கடந்து வரும் துவக்குகளுக்குக் கறள் பிடியாதிருக்கத் தொழிற்சாலையிற் தடித்த கொழுப்புப் பூசுவர். கடையில் வெளிப்புறத்தைத் துடைத்துக் கொடுப்பர். ஊசி ஓடும் சிறு துளையினுள் இருப்பது அப்படியே இருக்கும். அதனோடு வைக்கோற் தூசியும் சேர்ந்தால் ஊசி சேற்றில் நடப்பவன் போல் ஓடும், கேப்பை மெல்லத் தொடும், வெடியாது. குழலைக் கழற்றி, வெள்ளைத் துணியை மண்ணெண்ணெயில் நனைத்துப் பூட்டின் முகத்தையும் ஊசித் துளையையும் துடைத்து, உலரவிட்டு, துவக்குக்குரிய மெல்லிய எண்ணெய் ஒரு துளி இட்டாற் பெரும்பாலும் குணமாகும். ஒரு துளி என்றால் ஒரு துளிதான். எண்ணெய் மிகுந்தால் அது தோட்டாவின் கேப்பினுள்ளும் கசிந்து அதனையும் கெடுக்கும். தேங்காய் எண்ணெய் கைக்கு எட்டும் பொருளாயினும் இதற்கு ஆகாது. நாள்பட்டாற் பிசுபிசுத்து, நீக்க வந்த கொழுப்பின் வேலையைத் தானே செய்யும். மரத்தாலான சோங்கில் மண்ணெண்ணெய் படாமற் பார்ப்பதும் நன்று.

துடைத்த பின்னும் குழி ஆழமற்றே இருந்தால் சுருள்வில் தளர்ந்தது, அல்லது ஊசி குட்டையானது. இவை வீட்டில் திருத்தும் குறைகள் அல்ல.

இனி, துவக்கு மடியாமல் இறுகுதல். புதிய துவக்கு இறுக்கமாக இருப்பது குறையன்று, இயல்பு. நன்கு பொருத்திய துவக்கில், மூடியபின் மேல்நெம்பு நேர்நடுவில் நில்லாது சற்று வலப்பக்கம் சாய்ந்தே நிற்கும். பல ஆண்டு வழங்கத் தேய்ந்து தேய்ந்து நடுவுக்கு வரும். இதனை அறியாத சிலர், ‘நெம்பு கோணலாய் நிற்கிறது’ என்று கருதித் தட்டி நேராக்க முயன்று, நல்ல பூட்டைக் கெடுத்திருக்கின்றனர். முழங்காலில் வைத்து முறிப்பது போல் மடிப்பதும் தகாது. பிணையலில் ஒரு துளி எண்ணெயும், சில பத்துச் சூடுகளும், பொறுமையுமே மருந்து. ஆனால் வெறுந்துவக்கு இலகுவாக மடிந்து, தோட்டா இட்டபோது மாத்திரம் மூட மறுத்தால் பார்க்க வேண்டியது தோட்டாவை.

வாவிக்கரையின் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. கார்த்திகை, மார்கழி மழையிற் சுவரும் வியர்க்கும். முன்னாளிற் தோட்டாவின் கூடு கடதாசியாலானது. ஈரத்தை உறிஞ்சி வீங்கி அறையினுள் நுழைய மறுக்கும். 1960ஆம் ஆண்டளவில் பிளாஸ்டிக் கூடு வந்தபின் அத்தொல்லை பெரிதும் குறைந்தது. எனினும் பித்தளை அடியிற் பச்சைக் களிம்பு ஏறுவது இன்றும் உண்டு. களிம்பு ஏறிய தோட்டாவை வற்புறுத்தி உள்ளே தள்ளினால் சுட்டபின் வெளிவராது சிக்கிக்கொள்ளும். நகம் விளிம்பைப் பற்றி இழுத்து விளிம்பையே கிழித்துவிடும். வாங்கியவன் ‘புதிய துவக்கின் நகம் சரியில்லை’ என்பான். நகம் சரியாகத்தான் இருக்கிறது. வெடித்த வெறுங்கூடு சிக்கினால் குழலின் முன்முனை வழியே மரக்கோலால் மெல்லத் தள்ளி எடுக்கலாம். வெடியாத தோட்டா சிக்கியிருப்பின் அதனைக் கோலாற் குத்துதல் கூடவே கூடாது; குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துத் திருத்துநரை அழைக்க வேண்டும்.

அளவு மாறிய தோட்டா பற்றி விரிவாகச் சொல்லுதல் தேவையாகின்றது. எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும் என்பதைப் பலர் அறியார். 20 போர் 12 போரினும் சிறியது. இருபதின் தோட்டாவை, இருட்டில் தவறுதலாகப் பன்னிரண்டின் அறையில் இட்டால் அது அறையில் நில்லாது வழுக்கி முன்சென்று, குழல் ஒடுங்கும் இடத்திற் சிக்கும். சுடுபவன் விசையை இழுப்பான். ஊசி வெறுங்காற்றை அடிக்கும். மடித்துப் பார்த்தால் அறை வெறுமையாகத் தோன்றும். தோட்டா இட மறந்தோம் என்று எண்ணிச் சரியான தோட்டா ஒன்றை இட்டு மீண்டும் சுடுவான். குழல் அடைபட்டிருக்கிறது, அடைபட்ட குழல் அவனது இடக்கை பிடித்திருக்கும் இடத்திலேயே வெடிக்கும். உலகில் துவக்கு வெடித்துக் கை இழந்தோரின் கதைகளில் இது மீண்டும் மீண்டும் வருவது. இதனாலேயே 20 போர்த் தோட்டாவின் கூட்டுக்கு மஞ்சள் நிறம் இடும் வழக்கம் ஏற்பட்டது. விளக்கொளியில் மஞ்சள் தெளிவாகத் தெரியாது என்பதனால், ஒரே வீட்டில் இருவகைத் தோட்டாவும் இராதிருத்தலே உறுதியான காப்பு. தோட்டாவின் நீளமும் அவ்வாறே. குழலிற் பொறித்துள்ள எண்ணுக்கும் பெட்டியிலுள்ள எண்ணுக்கும் பொருத்தம் வேண்டும். 65 மில்லிமீற்றர் அறையில் 70 மில்லிமீற்றர்த் தோட்டா இலகுவாக நுழையும். ஆனால் சுடும்போது அதன் மடித்த வாய் விரிய இடமின்றி, குழலினுள் அழுத்தம் அளவு கடக்கும்.

அடைபட்ட குழலுக்குத் தோட்டா மட்டும் காரணமன்று. வாடியிற் சாய்த்து வைத்த துவக்கின் குழலினுள் வேட்டுவன் என்னும் குளவி சில நாட்களிலேயே மண்கூடு கட்டிவிடும். வரம்பில் வழுக்கியவனின் துவக்கு முனை சேற்றிற் புதைந்து ஒரு பிடி களியை அள்ளிக்கொள்ளும். அன்றியும், சில வேளை ஒரு சூடு வழமையான முழக்கமின்றி ‘புஸ்’ என்று நலிந்து ஒலிக்கும்; மருந்து குறைந்த தோட்டா அது. அடைப்பு வெளியேறாமற் குழலிலேயே நின்றிருக்கக்கூடும். இம்மூன்று நிலையிலும் அடுத்த சூட்டுக்கு முன் தோட்டாவை நீக்கிக் குழல் வழியே வானத்தைப் பார்க்க வேண்டும். வட்டமாக ஒளி தெரிந்தாற் போதும். அரை நிமிட வேலை.

கொக்கட்டிச்சோலைச் சந்தியில் நிற்கும் பொலிஸ் உத்தியோகத்தரின் இடையிலுள்ள கைத்துப்பாக்கி மடியும் துவக்கினின்று வேறுபட்டது. அது அரைத் தானியங்கி வகை. சூட்டின் பின்னுதைப்பே மேற்பாகத்தைப் பின்தள்ளி, வெறுங்கூட்டை எறிந்து, சுருள்வில்லின் விசையால் அடுத்த தோட்டாவை அறையில் ஏற்றும். அமெரிக்கரான ஜோன் பிரவுனிங் இத்துறையின் பெருந்தச்சர். தானே ஏற்றும் சொட்கன் ஒன்றுக்கு அவர் 1900ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்றார். 1911ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் ஏற்ற கைத்துப்பாக்கியும் அவர் வடித்ததே. இவ்வகை வயற்காவலுக்கு உரியதன்று. ஆயினும் புதியதில் வரும் கோளாறுகள் ஒப்புநோக்கத் தக்கவை. வெறுங்கூடு முழுதும் வெளியேறாது அடுப்புப் புகைக்குழாய் போல் செங்குத்தாகச் சிக்கி நிற்கும். காரணம், தோட்டா வலுவற்றது. அல்லது சுடுபவனின் மணிக்கட்டு தளர்ந்து, பின்னுதைப்பைத் தாங்கி நில்லாமல் அதனோடு சேர்ந்து பின்சென்றது. அடுத்த தோட்டா ஏறாது நின்றால், தோட்டாப் பெட்டி முழுதும் உள்ளே சென்று பூட்டியதா என்று முதலிற் பார்ப்பர். புதிய சுருள்வில் விறைப்பாக இருப்பதனால் முதல் ஓரிரு நூறு சூடுகள் பழகும் காலம் எனக் கூறும் தயாரிப்பாளரும் உளர். இவ்வகையில் ஒழுங்கு மாறினால் உயிருக்கு மோசம். தோட்டாப் பெட்டியை முதலிற் கழற்ற வேண்டும். அறையிலுள்ள தோட்டாவைப் பின்னரே நீக்க வேண்டும். அறையை முன் நீக்கிப் பெட்டியைப் பின் கழற்றினால், இடையில் இன்னொரு தோட்டா அறைக்குள் ஏறிவிட்டிருக்கும். கையிலிருப்பது வெறுந்துவக்கு என்று அவன் நம்புவான். மடியும் துவக்கில் இந்த மயக்கம் இல்லை. மடித்தால் அறை கண்ணுக்குத் தெரியும். வயலுக்கு அது ஏற்றதாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறுதியாகத் திருத்துவது யார் என்ற கேள்வி. மண்வெட்டியும் கத்தியும் அடிக்கும் கொல்லர் படுவான்கரையிற் கைதேர்ந்தவர். ஆயினும் துவக்கின் இரும்பு வேறு வகைப்பட்டது. பூட்டையும் ஊசியையும் உலையிற் காய்ச்சினால் தொழிற்சாலையில் ஏற்றிய பதம் போய்விடும். மென்மையான பூட்டு சில சூட்டிலேயே தளரும். புதிய துவக்குக்கு வாங்கிய இடத்தின் உத்தரவாதம் இருக்குமாயின், அரம் தொட்டவுடன் அதுவும் போய்விடும். அனுமதி பெற்ற திருத்துநரிடம், அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, தோட்டா நீக்கிய துவக்கைக் கொண்டு செல்வதே வழி. தூரம் என்று சோம்பிய துவக்குகளின் கதி நாட்டின் பல பகுதிகளிலும் கண்டதே. பழுதான குழல் யாரோ ஒருவர் கைக்குப் போய்க் கட்டுத்துவக்காகப் பற்றையில் மறைந்து நிற்கிறது. அது பன்றிக்கு வைத்தது; விறகுக்குப் போன ஒருவரின் காலை முறிக்கிறது. கட்டுத்துவக்கு வைத்தல் குற்றம் என்பதை எல்லோரும் அறிவர்.

துவக்கை வைக்கும் இடமும் கோளாற்றிற் பங்கு கொள்ளும். தோலுறையினுள் இட்டு மாதக்கணக்கில் விட்டால் உறை ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளேயே கறள் ஏற்றும். உறை வழிக்கு மட்டுமே. அடுப்பங்கரைப் பரணும் ஆகாது; புகையும் வெம்மையும் சோங்கைப் பிளக்கும். சுட்ட அன்றே குழலைத் துடைத்து, எண்ணெய்த் துணியை ஒரு முறை உள்ளே ஓட்டி, பூட்டிய பெட்டியில் வைத்தல் வேண்டும். தோட்டாவை வேறொரு பெட்டியில், மூடி இறுகிய தகரத்தில், பிள்ளைகள் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். அறுவடை முடிந்து அடுத்த பெரும்போகத்துக்குத் துவக்கு மீண்டும் வெளிவருவதற்கு இடையில் ஏழெட்டு மாதங்கள் உண்டு. விதைப்புக்கு முன் ஒரு பகலில், அதனை வெறுமையாக மடித்து, குழல் வழியே வெளிச்சம் பார்த்து, ஊசித் துளையைத் துடைத்து, தோட்டாக்களின் பித்தளையை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வைப்பவனுக்குத் தை மாத இரவில் ‘டிக்’ என்ற ஓசை கேட்கும் வாய்ப்பு மிகக் குறைவு.